போன வாரம்வரை ஓடிய கணினி

பிஷ்கெக்கில் சயக்குல் அக்கா வீட்டிலிருந்த சோவியத் காலத்துக் கணினிக்கு உயிர் வரவே இல்லை. பழுது பார்க்க வந்த ஒரோஸ்பெக் பிளக்கையும் ஃபியூஸையும் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கக்கா.”

“வாயைக் கழுவுடா! போன வாரம்வரைக்கும் ஓடிச்சு. தினமும் காலையில ‘சாப்பிட்டியா?’ன்னு திரையில எழுத்து வரும். என் வீட்டுக்காரர் போட்டு வச்ச புரோகிராம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அதைப் பார்க்கத்தான் நான் எழுந்திரிக்கிறதே.”

ஒரோஸ்பெக் மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே மின்சாரம் கொடுக்கும் பாகமே இல்லை. அது இருந்த இடத்தில் பல வருடத் தூசி அப்பிக் கிடந்தது.

“கடைசியா என்னக்கா எழுதிச்சு?”

“‘இனிமே நீயே சமாளிச்சுக்குவே. நான் வரட்டுமா?’ன்னு.”

ஒரோஸ்பெக் மூடியை மெல்ல மாட்டினான்.

“இதுல பழுது ஒண்ணுமில்லக்கா.”