கிசுமுவில் மூன்று நாள்

“கென்யாவுலயா? அந்தக் கிசுமுல என்ன இருக்கு?” என்று ஐயப்பன் மனைவியைக் கேட்டார்.

“பெரிய ஏரி இருக்காம். படகுல போனா நீர்யானை பாக்கலாமாம். எங்க ஆபீஸ் லேடீஸ் எல்லாரும் போறோம்.”

துபாய் ஆபீஸிலிருந்து அஜ்மான் வீட்டுக்கு வந்ததிலிருந்து விஜி உட்காரவே இல்லை. பெட்டியில் அடுக்கிய துணிகளையே எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை நாளு?”

“மூணு நாள்தாங்க. அதுக்கு மேல லீவு கிடைக்கல.”

ஐயப்பன் உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். “இதையும் வச்சுக்க.”

பைக்குள் பிரசவ லேகியம் இருந்தது. விஜி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

கூட வேலை பார்த்த கென்யாக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு கிசுமுவுக்குப் போன மகள் நித்திலாவின் பெயரை, இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தவர் அவர். அவள் நிறைமாதமாக இருப்பதை விஜி அவரிடம் சொல்லவே இல்லை.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து மாப்பிள்ளை போன் பண்ணினார். பிரசவத்துக்குப் போறவ மூணு நாள்ல திரும்பி வந்தா நல்லாவா இருக்கும்? ஆபீஸ்ல பேசி ஒரு மாசம் லீவு போடு.”

“நீங்க?”

“குழந்தை பிறந்ததும் வர்றேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்.”