விசிறி பார்க்காத நெருப்பு

சூடு தாங்காமல் ஒரே நாளில் இரண்டு முறை கேமரா அணைந்துபோனது. ஒளிப்பதிவாளர் தில்லைநாயகி பேட்டரியையும் லென்ஸையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தானே திருகுகளை அவிழ்த்துக் கேமராவைத் திறந்தார்.

உள்ளே பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு விசிறி இருந்தது. அதன் பின்னாலிருந்த தகடுகளின் இடுக்கில் தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. விசிறியை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் அவர் தூசியை வழித்தெடுத்தார். செம்மண் வந்தது, பஞ்சு வந்தது, கடைசியில் கறுப்புச் சாம்பலும் வந்தது.

லென்ஸ் திகைத்துப்போனது. "இந்தச் சாம்பல் நாம் செங்கல் சூளையில் படம்பிடித்தபோது வந்ததுதானே? நாலு மணி நேரம் அந்த நெருப்பை நான்தான் தாக்குப்பிடித்தேன் என்று நினைத்திருந்தேன். இத்தனையையும் விழுங்கிக்கொண்டு நீயா சுழன்றாய்?"

"சூடு வந்தது, வெளியே தள்ளினேன் அண்ணே," என்றது விசிறி. "நெருப்பு என்றா சொன்னீர்கள்? அது பார்க்க எப்படி இருக்கும்?"

ஊருக்கெல்லாம் நெருப்பைக் காட்டிய லென்ஸ், கூடவே இருந்த விசிறிக்கு அதைக் காட்டியதே இல்லை. தில்லைநாயகி மூடியை எடுத்துப் பொருத்தத் தொடங்கினார். கடைசித் திருகு ஏறுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டுமென்று, லென்ஸ் அவசர அவசரமாக அந்த ஆரஞ்சு நிறத்திலிருந்து ஆரம்பித்தது.