தூணுக்குள் ஓர் ஆள்

மேம்பாலத்தை அகலப்படுத்த எழுப்பிய புதுத் தூணுக்கு, கான்கிரீட்டோடு சேர்த்துத் தன் வயிற்றில் புதைத்த கண்ணாடி இழைமேல் ஓயாத சந்தேகம். தூணில் மயிரளவு விரிசல் விட்டாலும் அந்த இழை ஒளியை அனுப்பி இன்ஜினியரிடம் சொல்லிவிடுகிறதே.

"கூடவே இருந்து கோள் சொல்றவனை நம்பாதே, தம்பி," என்றது பக்கத்துப் பழைய தூண். "எனக்குள்ள அப்படி ஒருத்தனும் கிடையாது."

"நீ விரிஞ்சா எனக்கும் இழுத்து வலிக்குது," என்றது இழை. புதுத் தூண் நம்பவில்லை.

மழை விட்டதும் ஆட்கள் வந்தார்கள். புதுத் தூணின் விரிசலில் பசை ஏற்றி அடைத்தார்கள். பழைய தூணுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்துவிட்டுப் போனார்கள்.

மேலே லாரி ஒன்று கடந்தது. பழைய தூணுக்குள் ஏதோ முறிந்தது.

"தம்பி," என்றது அது மெதுவாக, "உன் ஆளை எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லேன்."

"அவனுக்கு என் வலி மட்டும்தான் தெரியும், அண்ணே."