பதினோராவது ஆள்

ஊருக்கு ஊர் தனி சர்வர் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளும் சமூக வலைத்தளம் அது. இந்த ஊருக்கான சர்வர் கணினி, அதை நடத்தும் அவள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டின் மேல் இருந்தது. ஒரு வருடத்தில் உறுப்பினர்கள் பதினோரு பேர்.

"இன்னிக்கு இந்த சர்வரை மூடிடறேங்க," என்றாள் கணவனிடம்.

"ஏம்மா? தெருவிளக்குச் சண்டை சூடா போகுது! 'ஜன்னலோரம்' அந்தக் 'கொசுவத்தி'யை என்ன வாங்கு வாங்குறாங்க!"

"ஜன்னலோரம் நான்தான். ஊர் விஷயம் பேச ஆளில்லைன்னு என் சொந்தப் பேரையும் சேர்த்து நாலு பேர்ல நானே எழுதறேன். மீதி ஏழு பேரை ஏமாத்துற மாதிரி இருக்கு."

அவன் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது.

"அதுல ஆறு பேர் ஏமாறலைம்மா. கொசுவத்தி உட்பட ஆறும் நான்தான். நீ சோர்ந்துடுவியேன்னு..."

"அப்போ ஒரே ஒருத்தருக்காகவா ஊர் சர்வர்?"

அவள் சுவிட்சில் கை வைத்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் கீழ்வீட்டுக்காரர், கையில் போனோடு.

"தங்கச்சி, நீதானே இதை நடத்துற? கொசுவத்தி காலையிலேர்ந்து பதிலே போடல. பாவம், அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்; அவன் அவசரமாகப் போனை எடுத்திருந்தான்.

"நல்லாத்தான் இருக்கார்ண்ணே. டைப் பண்ணிட்டிருக்கார்."