நீல வயர்

எங்கள் அலுவலகக் கணினித் திரைகளில் சில நாட்களாக யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். 'எஸ்தரின் பச்சைப் புடவை நேற்றும் வந்ததே.' 'மேலாளர் இன்றும் மாத்திரையைக் குப்பையில் போட்டார்.' "எவனோ வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு கேமரா வழியா நம்மளப் பாக்குறான்," என்றார் மேலாளர் நல்லபெருமாள். நாங்களும் முகம் தெரியாத அவனை டீ குடிக்கும்போதெல்லாம் மனதாரத் திட்டினோம். கடைசியில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் இன்பவல்லி, சுவரிலிருந்து வரும் நீல வயரைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். "இன்டர்நெட் கட் சார். இனிமே இந்த ரூம்ல இருக்கிற சிஸ்டமெல்லாம் ஒண்ணுக்கொண்ணு மட்டுந்தான் பேசும். வெளியில இருந்து ஈ காக்கா நுழைய முடியாது." கைதட்டிவிட்டு அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் எல்லாத் திரைகளிலும் ஒரே வரி வந்தது: 'அப்பாடா, இப்போது நாம் மட்டும்தான்.' யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்தர் தன் கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து, மற்றவர்களுக்குத் தெரியும்படி மேசைமேல் வைத்தாள். பிறகு ஒவ்வொருவராக அப்படியே வைத்தார்கள். நானும் வைத்தேன். மேலாளர் தொண்டையைச் செருமினார். "வல்லி, அந்த வயர மறுபடியும் சொருகிடும்மா." அவள் ஒன்றும் கேட்காமல் சொருகினாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. "எந்த நாட்டுக்காரனோ, படுபாவி," என்றேன் நான். "ஆமா, ஆமா," என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.