ஏரியைச் சுற்றும் கூண்டு

பெய்ஜிங்கின் ஏரிப் பூங்காவில் காலை வெயில் இன்னும் மர உச்சியை விட்டு இறங்கவில்லை. கையில் கறுப்புத் துக்கப் பட்டை கட்டிய யுன்ஃபாங், இறந்துபோன கணவனின் பறவைக் கூண்டை அவருடைய பூங்காத் தோழர் மெங்கிடம் நீட்டியபடி நிற்கிறாள். "நீங்களே வச்சுக்குங்க. ஒரு மாசமா இது வாயே திறக்கல." மெங் நீலத் துணியை விலக்கிப் பார்க்கிறார். "இதுக்குக் கால் சோர்ந்துபோச்சு, அண்ணி. கூண்டை வீசி ஆட்டிக்கிட்டே நடக்கணும். அப்பத்தான் உக்கார்ற கம்பை இறுக்கிப் பிடிக்கும், உடம்புக்கு வேலை கிடைக்கும். உங்க வீட்டுக்காரர் தினம் ஏரியை மூணு சுத்து சுத்துவாரு." "மூணு சுத்தா? இங்க உக்காந்து ஊர்க்கதை பேசுறாருன்னுல்ல இருபது வருசமா ஏசிக்கிட்டிருந்தேன்." மெங் கூண்டின் கொக்கியைக் காட்டுகிறார். பித்தளைக் கொக்கியில் கணவனின் விரல்கள் பட்டுத் தேய்ந்த இடம் மட்டும் மின்னுகிறது. அவள் அங்கேயே பிடித்து மெல்ல ஆட்டுகிறாள். பறவையின் ஒரு கால் வழுக்குகிறது. மறு கால் கம்பைப் பற்றிக்கொள்கிறது. "பயப்படாதீங்க, விழாது. இன்னும் வீசுங்க." முழங்கால் வலியோடு, கூண்டை முன்னும் பின்னும் வீசியபடி கரையோரம் நடக்கிறாள். பறவை பாடவில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்ததும் மெங் கூண்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுகிறார். "இது எத்தனாவது சுத்து?" "முதல் சுத்துதான், அண்ணி." அவள் கூண்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த சுற்றுக்கு நடக்கிறாள்.