முன்வாசல்

"முன்வாசல் பக்கம் வாயேன் அக்கா, பாக்கலாம்!" என்று ட்ரெவர் மறுபடியும் சீண்டினான்.

"உன் புத்தி எனக்குத் தெரியாதா? அங்கே ஆளை ஒளிச்சு வச்சுட்டுத்தானே கூப்பிடறே!" என்றாள் நோயலீன்.

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊர் ஸ்கவுட் கூடத்து மேஜையில் அப்பாவின் விரலளவு ஈயச் சிப்பாய்கள் பொம்மைக் கோட்டையைச் சுற்றி நின்றார்கள். பத்து வயதில் அப்பாவோடு உட்கார்ந்து அவள் சாயம் பூசிய சிப்பாய்கள். உயிலிலோ எல்லாம் தம்பிக்கு. அதிலிருந்து ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. போன வாரம் அவனே சொல்லியனுப்பினான்: ஒரே ஆட்டம், எட்டுச் சுற்றுக்குள் அவள் கோட்டையைப் பிடித்தால் அத்தனையும் அவளுக்கு.

எந்தப் பக்கம் எத்தனை காவல் என்று அவன் முன்னாலேயே எழுதிக் கொடுத்த சீட்டு, நடுவர் மெர்வ் கையில் மடித்தபடி இருந்தது.

அவள் மேற்குச் சுவரில் ஏணி சாத்தினாள். ட்ரெவர் பகடையை உருட்டினான். ஆறு விழுந்தது, ஏணி சாய்ந்தது. "சே!" என்று அவன் மேஜையைக் குத்தினான்.

"ஜெயிச்சுக்கிட்டே நடிக்காதேடா!"

"பிடிவாதக்காரி! முன்வாசலுக்கு வந்தா கால் தேஞ்சா போயிடும்?"

"போடா!"

எட்டாவது சுற்றும் மேற்குச் சுவரடியிலேயே முடிந்துபோயிற்று.

"தோத்துட்டேன். இப்ப குளிர்ந்துச்சா மனசு?" என்று கைப்பையை எடுத்தாள்.

மெர்வ் சீட்டைப் பிரித்தார். "மேற்குச் சுவர், அறுபது பேர். முன்வாசல்..." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஒருத்தரும் இல்லே. கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லே."

நோயலீன் தம்பியை வெறித்தாள்.

"ஏன்டா, சும்மாவே கொடுத்திருக்கலாமே?"

"கொடுத்தா வாங்கியிருப்பியா நீ?" என்று கத்தினான் ட்ரெவர்.